ஒரு உயிரியின் நடத்தை அதன் ஃபீனோடைப்பில் சேருமா?

கேள்வி இதுதான்: உயரம், கண்ணின் நிறம், ரத்த வகை இவையெல்லாம் ஒரு உயிரியின் ஃபீனோடைப், அதாவது அதனிடம் கவனிக்கவோ அளக்கவோ கூடிய பண்புகள், என்று படிக்கிறோம். அந்த உயிரி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதில் அடங்குமா? பிறவியிலேயே வரும் நடத்தை அடங்கும் என்று வைத்துக்கொண்டாலும், கற்றுக்கொண்ட நடத்தையை எப்படிச் சேர்ப்பது?

சேரும். இரண்டுமே சேரும். நடத்தை மரபியல் என்ற துறையே இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. சுண்டெலியின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, என்ன மாறுகிறது என்று பதிவு செய்யும் ஒரு சர்வதேசக் கூட்டுத் திட்டம் நடந்து வருகிறது. அதில் எலும்பின் அடர்த்தி, ரத்தச் சர்க்கரை போன்ற அளவுகளோடு, புதிய இடத்தில் விட்டால் எலி எவ்வளவு நடமாடுகிறது, திடீர்ச் சத்தம் கேட்டால் எவ்வளவு துள்ளுகிறது என்பதும் ஃபீனோடைப்பாகவே பதிவாகிறது. யாரும் அதைத் தனி அட்டவணையில் ஒதுக்கி வைப்பதில்லை.

ஆனாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. காரணம், ஃபீனோடைப் என்றால் 'மரபணுக்கள் உண்டாக்கித் தருவது' என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்தோடு பார்த்தால் கற்றுக்கொண்ட பாட்டும் பழகிய பயமும் வெளியாட்களாகத்தான் தெரியும். அதனால் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் அவரை விதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். முடிவுகளை 1903-இல் வெளியிட்டார். அவரை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. ஒரே விதையிலிருந்து அப்படி வழிவழியாக வந்த விதைகள் எல்லாம் மரபளவில் ஏறக்குறைய ஒன்றேதான். இருந்தும் அந்த வழிக்குள்ளேயே கனமான விதையும் இருந்தது, லேசான விதையும் இருந்தது. கனமானதைத் தனியாகவும் லேசானதைத் தனியாகவும் விதைத்துப் பார்த்தார். அடுத்த தலைமுறையின் சராசரி எடை இரண்டிலும் ஒன்றாகவே வந்தது. அதாவது, எடையில் கண்ட அந்த வித்தியாசம் ஊட்டமும் இடமும் தந்தது, மரபில் வந்ததல்ல. கண்ணுக்குத் தெரிவதும் உள்ளே கடத்தப்படுவதும் வெவ்வேறு என்பதை இந்தச் சோதனை பளிச்சென்று காட்டியது. 1909-இல் அவர் எழுதிய நூலில்தான் ஜீன் (மரபணு), ஜீனோடைப் (ஓர் உயிரியின் மரபணு அமைப்பு), ஃபீனோடைப் ஆகிய மூன்று சொற்களும் வருகின்றன. நேராகப் பார்த்தோ, நுட்பமாக அளந்தோ, விவரித்தோ பிரித்தறியக்கூடிய எதுவும் அவருக்கு ஃபீனோடைப்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சூழலால் மட்டுமே வந்த எடை வித்தியாசத்தை அவர் ஃபீனோடைப்புக்கு வெளியே தள்ளவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் ஜீனோடைப்பிலிருந்து பிரிந்த ஒரு சொல்லே தேவைப்பட்டது. ஆகவே ஒரு பண்பு ஃபீனோடைப்பா என்று கேட்டால், அது அந்த உயிரியிடம் இருக்கிறதா, அதைக் கவனிக்கவோ அளக்கவோ முடியுமா என்று மட்டும் பார்த்தால் போதும். அது மரபால் வந்ததா, உணவால் வந்ததா, அனுபவத்தால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

சரி, மரபோடு நடத்தைக்கு உள்ள தொடர்பு எவ்வளவு நேரடியாக இருக்க முடியும்? சிட்னி பிரென்னர் சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவின் மரபணுக்களில் திடீர்மாற்றங்களை உண்டாக்கி 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கண்டுபிடித்த மாற்றங்களில் பெரும்பங்கு புழுவின் ஊர்தலைக் கெடுத்தவை. வளைந்து நெளிந்து சீராகப் போக வேண்டிய புழு சுருண்டது, துடித்தது, நகராமல் கிடந்தது. மெண்டல் பட்டாணியின் நிறத்தைப் பார்த்துப் பிரித்த மாதிரி, பிரென்னர் புழுவின் ஊர்தலைப் பார்த்துப் பிரித்தார்.

அதே புழுவில் இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. சில புழுக்கள் உணவின் மேல் தனித்தனியாக மேயும். சில ஓரத்தில் கும்பலாகத் திரளும். இந்த வித்தியாசம் என்பிஆர்-1 என்ற மரபணு உருவாக்கும் புரதத்தில் 215-ஆவது இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் பொறுத்தது என்று மரியோ டி போனோவும் கோர்னீலியா பார்க்மனும் 1998-இல் காட்டினார்கள். அந்த இடத்தில் வேலின் இருந்தால் தனி, ஃபினைல்அலனின் இருந்தால் கும்பல். இதோடு நிறுத்தினால் 'கூடி வாழும் ஜீன்' என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள், சுற்றியுள்ள ஆக்சிஜன் அளவைக் குறைத்தால் அந்தக் கும்பல் கலைந்துவிடுகிறது என்று காட்டின. காற்றில் இருக்கும் அளவு ஆக்சிஜன் அந்தப் புழுவுக்கு அதிகம். கும்பலுக்குள் அது குறைவு. ஆகவே இங்கே ஃபீனோடைப்பைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் 'இந்த ஆக்சிஜன் அளவில் கூடுகிறது' என்று சூழலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதற்குத் திரும்ப வருகிறேன்.

பழ ஈயில் சீமோர் பென்சரும் ரொனால்ட் கோனோப்காவும் 1971-இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. சாதாரண ஈயின் உள்கடிகாரம் சுமார் 24 மணி நேரச் சுற்று. அவர்கள் கண்டெடுத்த மூன்று திடீர்மாற்ற வகைகளில் ஒன்றுக்கு 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்குச் சுற்றே இல்லை. மூன்றும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே மரபணுவில் நிகழ்ந்த மாற்றங்கள். அந்த மரபணுவுக்கு பீரியட் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரித்துக் காட்டியதற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எப்போது விழிப்பது, எப்போது ஓய்வது என்பது நடத்தைதான். அதை ஃபீனோடைப்பாக எடுத்துக்கொண்டு தேடியதால்தான் அந்த மரபணு கையில் கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தில் கெட்டுப்போன நடத்தைகளை மட்டும் சொன்னால், இயற்கையில் காணும் சிக்கலான நடத்தை இப்படிப் பிரியுமா என்ற சந்தேகம் வரும். வர வேண்டியதுதான். அதற்கு வட அமெரிக்காவின் பெரோமிஸ்கஸ் என்ற சுண்டெலிகளைப் பார்க்கலாம். அவற்றில் ஓர் இனம் நீண்ட நுழைவுச் சுரங்கத்தோடு வளை தோண்டும். அதோடு, கூட்டறையிலிருந்து மேல்நோக்கி இன்னொரு சுரங்கம். அது மண்ணின் மேற்பரப்பைத் தொடாமல் சற்றுக் கீழேயே நின்றுவிடும். பாம்பு உள்ளே நுழைந்தால் எலி அந்த மெல்லிய மண்ணை உடைத்துக்கொண்டு ஓடிவிடலாம். நெருங்கிய உறவான இன்னொரு இனம் குட்டையான, தப்பும் வழியே இல்லாத வளையைத் தோண்டும். ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவின் குழு இரண்டையும் கலப்பினம் செய்தது. எலி தோண்டி முடித்த வளைக்குள் நுரையை ஊற்றி, அது இறுகியதும் அச்சாக எடுத்து அளந்தார்கள். முதல் தலைமுறைக் கலப்பினங்கள் நீண்ட வளையும் தப்பும் வழியும் தோண்டின. அவற்றைக் குட்டை வளை இனத்தோடு மீண்டும் சேர்த்தபோது பண்புகள் பிரியத் தொடங்கின. சுரங்கத்தின் நீளத்தோடு மரபணுத் தொகுதியின் மூன்று பகுதிகள் தொடர்புடையவை என்றும், தப்பும் வழி தோண்டுவதோடு வேறொரு பகுதி தொடர்புடையது என்றும் 2013-இல் வெளியிட்டார்கள்.

இந்த எலிகள் பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்ந்தவை. தோண்ட மண்ணே பார்த்திராதவை. முதல் முறை மண்ணில் விட்டதுமே தன் இனத்துக்குரிய வளையைத் தோண்டின. வளை தோண்டுதல் எளிய துண்டுகளாகப் பிரிந்து, தனித்தனியே கடத்தப்பட்டு, பிறகு ஒன்றுசேர்ந்து ஒரு முழு நடத்தையாகத் தெரிகிறது. உடலின் ஓர் உறுப்பைப் பற்றி நாம் பேசும் எல்லாவற்றையும் இதைப் பற்றியும் பேச முடிகிறது.

இயற்கைத் தேர்வு என்ற கோணத்தில் பார்த்தாலும் நடத்தையை விட்டுவிட முடியாது. தேர்வு நேராக மரபணுவைப் பார்ப்பதில்லை; உயிரி என்ன செய்கிறது, எப்படி இருக்கிறது என்பதன் மேல்தான் வேலை செய்கிறது. மத்திய ஐரோப்பாவின் பிளாக்கேப் என்ற சிறு பறவை குளிர்காலத்தில் பொதுவாகத் தென்மேற்கு நோக்கிப் போகும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பகுதிப் பறவைகள் மேற்கே பிரிட்டனுக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கின. பீட்டர் பெர்த்தோல்டும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனில் பிடித்த பறவைகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சுகளின் திசையைச் சோதித்தார்கள். ஒரு முறைகூடப் பயணம் போகாத குஞ்சுகள் பெற்றோரைப் போலவே மேற்கு நோக்கித் திரும்பின. 1992-இல் வந்த முடிவு இது. எந்தத் திசையில் போவது என்பது மாறி, அது அடுத்த தலைமுறைக்கும் போகிறது. இறகின் நீளம் ஃபீனோடைப், பறக்கும் திசை ஃபீனோடைப் இல்லை என்று பிரிக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இனி, கற்றுக்கொண்ட நடத்தைக்கு வருவோம். ஜீப்ரா ஃபின்ச் பறவையில் ஆண் குஞ்சு பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பாட்டைக் கற்கிறது. பாட்டைக் கேட்காமல் தனியே வளர்ந்தால் கோணல்மாணலாக ஏதோ பாடும். அது பாடும் பாட்டு அதன் ஃபீனோடைப்பா? ஆம். நல்ல பாட்டும் ஃபீனோடைப், கோணல் பாட்டும் ஃபீனோடைப். ஒன்று ஆசானோடு வளர்ந்த பறவையின் ஃபீனோடைப், மற்றது ஆசான் இல்லாத பறவையின் ஃபீனோடைப். சூரிய ஒளி படாமல் வளர்ந்த செடி வெளுத்து நீண்டு போனால் அந்த வெளுப்பை அதன் ஃபீனோடைப் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

2009-இல் ஓஃபர் செர்னிகோவ்ஸ்கியின் குழு இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. தனியே வளர்ந்து கோணலாகப் பாடும் பறவையையே குஞ்சுகளுக்கு ஆசானாக வைத்தார்கள். குஞ்சுகள் அந்தப் பாட்டைப் படித்தன, ஆனால் சற்றே மாற்றிப் பாடின. அந்தக் குஞ்சுகளை அடுத்த தலைமுறைக்கு ஆசானாக்கினார்கள். மூன்று நான்கு தலைமுறைகளில் பாட்டு, வெளியே வாழும் பறவைகளின் பாட்டுக்கு நெருக்கமாக வந்துவிட்டது. கற்றல்தான், ஆனால் எதை எளிதாகக் கற்கும், எதை மாற்றும் என்ற சாய்வு பறவைக்குள்ளேயே இருக்கிறது. 'பிறவி', 'கற்றது' என்று இரண்டு பெட்டி வைத்து நடத்தையைப் போட முயல்கிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை ஆழ்ந்து யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மனிதர்களில் இதே விஷயத்தை மொழியை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் எந்த மொழி பேசுகிறார் என்பது அவருடைய ஃபீனோடைப்பின் ஒரு பகுதி. ஆனால் இரண்டு பேர் இரண்டு மொழி பேசுவதற்கு அவர்களின் மரபணு வித்தியாசம் காரணம் இல்லை. குழந்தையாக இருந்தபோது காதில் விழுந்ததுதான் காரணம். அதே சமயம், லண்டனில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சொற்களை உச்சரிப்பதிலும் தொடுப்பதிலும் கடுமையான சிரமம் இருந்தது. அது ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் வந்தது என்று 2001-இல் கண்டறிந்தார்கள். இரண்டுமே பேச்சு, இரண்டுமே ஃபீனோடைப். ஒன்றில் காணும் வித்தியாசம் சூழலால், மற்றதில் காணும் வித்தியாசம் மரபால்.

'வித்தியாசம்' என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த முடிவுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள்: 17,804 பண்புகள், சராசரியாக 49 சதவீத மரபுவழிப் பங்கு. இந்த 49 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, 'என் குணத்தில் பாதி மரபணு, பாதி வளர்ப்பு' என்று சொல்பவர்கள் நிறைய. அந்த எண் ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், குறிப்பிட்ட சூழலில், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சூழல் மாறினால் எண்ணும் மாறும்.

எவ்வளவு மாறும் என்பதற்கு 1958-இல் கனடாவில் கூப்பரும் ஜுபெக்கும் செய்த சோதனையைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கும் திறனை வைத்துப் பல தலைமுறைகளாகப் பிரித்து வளர்த்த இரண்டு எலி வம்சங்கள் அவர்களிடம் இருந்தன. சாதாரணக் கூண்டில் வளர்ந்தபோது கெட்டிக்கார வம்சம் சராசரியாக 117 தவறுகள் செய்தது, மந்த வம்சம் 164. விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த கூண்டில் வளர்த்தபோது மந்த வம்சம் கிட்டத்தட்ட மற்றதை எட்டிப் பிடித்துவிட்டது. ஒன்றுமே இல்லாத வெறும் கூண்டில் வளர்த்தபோது இரண்டு வம்சங்களும் ஒரே அளவுக்கு மோசமாகத் தவறு செய்தன. மரபணுக்களில் எந்த மாற்றமும் இல்லை. 'இந்த ஜீனோடைப்புக்கு இந்த ஃபீனோடைப்' என்று ஒற்றைக் கோடு போட முடியாது. ஒவ்வொரு ஜீனோடைப்பும் ஒவ்வொரு சூழலில் என்ன தருகிறது என்ற முழு வரைபடம் வேண்டும். புழுவின் ஆக்சிஜன் விஷயத்தில் பார்த்ததும் இதுதான்.

மரபும் சூழலும் ஒன்றாகவே இருந்தால் நடத்தையும் ஒன்றாக இருக்குமா? அப்படியும் இல்லை. அமேசான் மோலி என்ற மீனில் எல்லாமே பெண். தாயின் மரபு நகலாகவே குஞ்சுகள் பிறக்கின்றன. அந்தக் குஞ்சுகளைப் பிறந்த உடனே தனித்தனியாகப் பிரித்து, ஒரே மாதிரியான தொட்டிகளில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அப்போதும் சில மீன்கள் தொடர்ந்து சுறுசுறுப்பாகவும் சில தொடர்ந்து மந்தமாகவும் இருந்தன. வளர்ச்சியின்போது நேரும் மிகச் சிறிய தற்செயல்கள் இதில் பங்கு பெறக்கூடும். நமக்கு இங்கே முக்கியமானது, மரபாலும் விளக்க முடியாத, திட்டமிட்ட சூழலாலும் விளக்க முடியாத அந்த வித்தியாசமும் ஃபீனோடைப்பில்தான் இருக்கிறது என்பதே.

அப்புறம், நடத்தை என்று எதைச் சொல்வது? உருண்டு வந்த கல் மோதி ஒரு விலங்கு சரிவில் விழுந்தால் அது அசைவு, நடத்தை அல்ல. உடல் தானே ஒருங்கிணைத்துத் தரும் எதிர்வினைதான் நடத்தை. தொட்டாச்சிணுங்கி இலையை மடக்குவதை நடத்தை என்று சொல்லலாமா என்பதில் உயிரியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அது ஃபீனோடைப் என்பதில் யாருக்கும் தயக்கமில்லை. ஒரு நாய் இன்று மாலை குரைத்தது என்பது ஒரு நிகழ்ச்சி. அந்த நாய் புதியவரைக் கண்டால் எவ்வளவு எளிதாகக் குரைக்கும் என்பது பண்பு. ஃபீனோடைப்பாக எழுதும்போது நாம் பிடிக்க முயல்வது இரண்டாவதை. அதற்குத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். விலங்கு நடத்தை ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அலசலில், ஒரே விலங்கை மறுபடி அளந்தால் அளவு ஒத்துப்போகும் தன்மை சராசரியாக 0.37 என்று வந்தது. 1 என்றால் முழு ஒற்றுமை. அதாவது, கணிசமான அளவு நிலைப்பு இருக்கிறது, கணிசமான அளவு அன்றாட ஏற்ற இறக்கமும் இருக்கிறது. ரத்த அழுத்தமும் மணிக்கு மணி மாறுவதுதான். அதனால் அதை ஃபீனோடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதில்லை.

அளப்பதில் உள்ள சிரமத்தை மட்டும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டடெக் மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எலி வம்சங்களை ஒரே கருவி, ஒரே அட்டவணை, ஒரே உணவு என்று முடிந்தவரை ஒத்துவைத்து மூன்று ஊர்களில் சோதித்தார்கள். வம்சங்களுக்கிடையே சில வித்தியாசங்கள் மூன்று இடத்திலும் அப்படியே வந்தன. சில சோதனைகளில் எந்த ஆய்வுக்கூடம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. ஆகவே ஒரு நடத்தையை ஃபீனோடைப் என்று எழுதும் ஒவ்வொருவரும், எங்கே, எந்த வயதில், எந்த நேரத்தில், எந்தச் சோதனையில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 'பயந்த சுபாவம்' என்று வெறுமனே எழுதுவது 'உயரமானது' என்று அளவு சொல்லாமல் எழுதுவதைவிட மோசம்.

கடைசியாக, எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வி. நடத்தை உள்ளே வந்துவிட்டால், அந்த நடத்தை விட்டுச்செல்லும் பொருளும் உள்ளே வருமா? பீவர் என்ற விலங்கு நீரோடையில் கட்டும் அணை, சிலந்தியின் வலை, எலியின் வளை? ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1982-இல் 'நீட்டிக்கப்பட்ட ஃபீனோடைப்' என்ற கருத்தை முன்வைத்தபோது, மரபணுவின் விளைவு உடலின் தோலோடு நின்றுவிட வேண்டியதில்லை என்றார். அணை மட்டுமல்ல, ஒட்டுண்ணியின் மரபணு அது குடியிருக்கும் உயிரியின் நடத்தையை மாற்றினால், அந்த நடத்தையும் ஒட்டுண்ணி மரபணுவின் ஃபீனோடைப் ஆகலாம்.

இதற்கு நேரடியான சான்று 2011-இல் கிடைத்தது. ஒரு பாக்குலோ வைரஸ் தொற்றிய கம்பளிப்பூச்சி சாகும் முன் மரத்தின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே செத்து, உடல் கரைந்து, வைரஸ் கீழே உள்ள இலைகளில் பொழிகிறது. கெல்லி ஹூவரின் குழு அந்த வைரஸிலிருந்து ஈஜிடி என்ற ஒரே மரபணுவை நீக்கியது. பூச்சிகள் கீழேயே செத்தன. மரபணுவைத் திரும்ப வைத்ததும் மறுபடி ஏறிச் செத்தன. அந்த மரபணு உருவாக்கும் நொதி, பூச்சி தோலுரிப்பதற்கான ஹார்மோனைச் செயலிழக்கச் செய்வது. இந்த ஏறுதல் யாருடைய ஃபீனோடைப்? தொற்றுள்ள கம்பளிப்பூச்சியை அளந்தால் அது அந்தப் பூச்சியின் ஃபீனோடைப். வைரஸ் என்பது அதன் சூழலின் ஒரு பகுதி. வைரஸின் இரண்டு வகைகளை ஒப்பிட்டால் அதே ஏறுதல் வைரஸின் நீட்டிக்கப்பட்ட ஃபீனோடைப். இரண்டும் ஒரே நேரத்தில் சரி. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கிறது.

நீட்டிப்புக்கும் டாக்கின்ஸே ஒரு நிபந்தனை வைத்தார். பீவரின் மரபணுவில் வரும் மாற்றம் அணையில் மாற்றத்தை உண்டாக்கி, அந்த அணை நன்றாக இருப்பதாலோ கெடுவதாலோ அதே மரபணு தலைமுறையில் பெருகவோ குறையவோ வேண்டும். கட்டடக் கலைஞர் வடிவமைக்கும் கட்டடம் இந்தச் சோதனையில் தேறாது என்று அவரே எழுதியிருக்கிறார். பெரோமிஸ்கஸ் எலியின் தப்பும் வழி தேறுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் உங்கள் கேள்வி உயிரியின் ஃபீனோடைப் பற்றியது என்பதால் நான் கோட்டை எலியிடமே போடுவேன்: தோண்டுவது எலியின் ஃபீனோடைப், மண்ணில் உள்ள வளை அதை அளக்க நமக்குக் கிடைத்த தடயம்.